ஏத்தத்துக்கு முன்னால்

எடுத்தவுடன் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் கையெழுத்து கோட்டில் நிற்காது. ஓரிடத்தில் மேடு ஏறும், ஓரிடத்தில் பள்ளத்தில் இறங்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு ரேஷன் கடையிலும் பேங்கிலும் பெயர் எழுதியதோடு சரி. சின்ன ர எங்கே, பெரிய ற எங்கே என்பது இன்றைக்கும் எனக்குக் குழப்பம்தான். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் ‘ஏத்தம்’ என்று எழுதியிருப்பது மட்டும் பிழை இல்லை. ஏற்றம் என்று எழுத வேண்டும் என்று தெரியும். காதில் விழுந்தபடியே எழுதினால்தான் நடந்தது விளங்கும்.

அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒருவரிடம் கேட்க வெட்கப்பட்டேன். அதனால் என் மனைவியைச் சேற்றில் சாகக் கொடுக்க இருந்தேன். மறுநாள் காலையில் அதைவிடக் கேவலமாக ஒன்று செய்தேன். இரண்டையும் யாரிடமும் இதுவரை சொல்லவில்லை.

எங்கள் ஊர் கல்வராயன் மலையில் கரியாலூருக்குக் கொஞ்சம் கீழே இருக்கிறது. மரவள்ளியும் சாமையும் போடுகிறோம். கரும்பு வெட்டும் காலத்தில் மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் இறங்கிப் போவோம். எங்களுக்குத் தெரிந்த தண்ணீர் மேலிருந்து கீழே வரும் தண்ணீர். மழை பெய்தால் ஓடையில் செம்மண் நிறத்தில் இரைச்சலோடு வரும். வருவதற்கு முன்பே சத்தம் வந்துவிடும், விலகிக்கொள்ளலாம். ஏத்தம் என்றால் எங்களுக்கு ஏறுகிற வழி. ‘இன்னும் ஒரு ஏத்தம்தான், ஊரு வந்துடும்’ என்போம். வேறொரு பொருள் இருக்கும் என்று நினைத்ததே இல்லை.

எங்களுக்கு ஒரே மகள். திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போன இடத்தில் ஒரு கடலோரத்துப் பையனைக் கட்டிக்கொண்டாள். அவன் ஊர் சிதம்பரத்துக்குக் கிழக்கே, சுரபுன்னைக் காட்டுக்கு அந்தப் பக்கம். கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. கோபம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கோபம் என் மனைவிக்குத்தான். எனக்கு வெட்கம். தெரியாத ஊரில் தெரியாத மனிதர்கள் நடுவில் போய் நின்று என்ன பேசுவது? ஒன்றரை வருடம் அப்படியே ஓடிவிட்டது. மகளுக்கு ஏழாம் மாதம் என்று தெரிந்ததும் என் மனைவியின் கோபம் ஒரே நாளில் போய்விட்டது.

“பொண்ணுக்கு வளையல் போட நான் போவாம யாரு போவா? நீ வர்றதுன்னா வா, இல்லன்னா வூட்லயே கோழி மேச்சிக்கினு கெட” என்றாள்.

கள்ளக்குறிச்சிக்கு இறங்கிக் கண்ணாடி வளையல் வாங்கினாள். பச்சையும் சிவப்பும். அட்டைப் பெட்டியில் வைக்கோல் வைத்துக் கட்டிக் கொடுத்தார்கள். நிறைந்த அமாவாசையில் கிளம்ப வேண்டும் என்று நாள் பார்த்ததும் அவள்தான். எங்கள் பக்கம் அமாவாசை நல்ல நாள். கடலுக்கு அது எப்படிப்பட்ட நாள் என்று எங்களுக்கு யார் சொல்லியிருக்கிறார்கள்?

வருகிறோம் என்று மகளுக்குப் போன் செய்யச் சொன்னாள். நான் செய்ததாகச் சொன்னேன். செய்யவில்லை. மருமகன் எடுத்தால் என்ன பேசுவது என்று நினைத்தே விட்டுவிட்டேன். அதனால் அன்றைக்கு எங்களை யாரும் எதிர்பார்த்துக் காத்திருக்கவில்லை.

உளுந்தூர்பேட்டையில் ஒரு பஸ், சிதம்பரத்தில் ஒரு பஸ் என்று மாறி, அந்த நிறுத்தத்தில் இறங்கியபோது மணி மூன்றரை இருக்கும். இறங்கிய இடத்தில் ஒரு டீக்கடை, ஒரு அரச மரம், வேறொன்றும் இல்லை. ஊருக்குப் போகும் தார்ச்சாலையில் பாலத்தைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டோ போகாது. என் மனைவி மரத்தடியில் மூட்டையை இறக்கி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் டீக்கடைக்காரரிடம் போய் வழி கேட்டேன். அதைக் கேட்பதற்கே இரண்டு தரம் கனைக்க வேண்டியிருந்தது.

அவர் பாலை ஆற்றிக்கொண்டே சொன்னார். “நடந்து போறதா இருந்தா காட்டு வழி கீது, அண்ணே. அந்தக் கரை மேலயே கெழக்கால போங்க. ஏத்தத்துக்கு முன்னாடி வடக்கால திரும்பிடணும், இன்னா? தடம் தெரியும். திரும்பிட்டீங்கன்னா பத்து நிமிசத்துல ஊரு. அப்பறம், எல ஒடிச்சா பால் வடியற மரம் ஒண்ணு கீது. அதுல கைய வெக்காதீங்க. பால் பட்டா கண்ணு போயிடும்.”

சுற்றிலும் பார்த்தேன். தரை உள்ளங்கை போலத் தட்டையாக இருந்தது. இதில் ஏத்தம் எங்கே வரப்போகிறது என்று ஒரு சந்தேகம் வந்தது. அதை மறைக்க முடியாது, வந்தது. கேட்டிருக்கலாம். அதற்குள் அங்கே பெஞ்சில் இருந்த இரண்டு பேர் என்னைப் பார்த்தார்கள். மலையிலிருந்து வந்தவனுக்கு ஏத்தம் தெரியவில்லை என்று சிரிப்பார்களோ என்று நினைத்தேன். தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

“இன்னா சொன்னான்?” என்று கேட்டாள் மனைவி.

“ஒரு மேடு வருமாம். அதுக்கு முன்னாடி வடக்கால திரும்பணுமாம்” என்றேன்.

ஏத்தம் என்ற சொல்லை அவளிடம் நான் சொல்லவில்லை. மேடு என்று மாற்றிச் சொன்னேன். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது. அந்த ஒரு சொல்லை அப்படியே சொல்லியிருந்தால் பிறகு நடந்தது பாதி நடந்திருக்காது.

மரவள்ளிக்கிழங்கு மூட்டை என் தோளில். வளையல் பெட்டி அவள் இடுப்பில். மண்கரை மேல் நடந்தோம். வலது பக்கம் ஓடை. இடது பக்கம் சுரபுன்னை மரங்கள். வேர் கீழே இருக்கும் என்றுதான் இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். அங்கே வேர்கள் இடுப்புயரத்துக்கு வளைந்து வந்து சேற்றில் ஊன்றி நின்றன. மரங்கள் ஏதோ ஒரு நேரத்தில் நடக்கப்போவது போல இருந்தன. வேறு சில மரங்களைச் சுற்றிச் சேற்றிலிருந்து குச்சி குச்சியாக வேர்கள் மேல்நோக்கி முளைத்திருந்தன, ஆயிரம் விரல் போல. அவற்றுக்கு நடுவில் சேறு டப், டப் என்று தானாகவே வெடித்துக்கொண்டிருந்தது. பார்த்தால் நண்டு. நாங்கள் காலை வைத்தால் சத்தம் நின்றுவிடும், போனால் மறுபடி தொடங்கும்.

“இன்னாய்யா காடு இது. பொணம் வேவற வாசன வருது” என்றாள்.

“கடலோரம்னா அப்படித்தான்” என்றேன். எனக்கு என்ன தெரியும்!

கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் ஒரு கழி நட்டு, அதில் சிவப்புத் துணி கட்டியிருந்தது. எங்கள் மலையில் இப்படிக் கட்டியிருந்தால் அது காவல் சாமியின் எல்லை. நான் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கும்பிட்டேன். அவளும் பெட்டியைக் கீழே வைக்காமல் ஒரு கையை மட்டும் நெற்றிக்குக் கொண்டுபோய்க் கும்பிட்டாள். நல்லபடியாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடு சாமி என்று வேண்டிக்கொண்டு, அதைத் தாண்டிப் போனோம். அதுதான் திரும்ப வேண்டிய இடம். தடம் காட்டுவதற்காக நட்ட கழி. வழியைக் கும்பிட்டுவிட்டு வழியைத் தவறவிட்டோம்.

நான் மேட்டைத் தேடிக்கொண்டே நடந்தேன். மேடு வரவில்லை. கரை குறுகிக்கொண்டே போயிற்று. ஓடையில் ஒரு தென்னை மட்டை மிதந்தது. முதலில் பார்த்தபோது அது அசையாமல் கிடந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் நாங்கள் வந்த பக்கமாகவே, கடலை விட்டு மேற்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. காற்று தள்ளுகிறது என்று நினைத்தேன். ஆனால் என் முகத்தில் காற்றே இல்லை. அதையும் நான் சொல்லவில்லை.

கடைசியில் ஒரு மேடு வந்தது. ஓடையைத் தூர் வாரி ஒதுக்கிய சேறு காய்ந்து கிடந்தது. என் இடுப்புயரம் கூட இல்லை.

அவள் நின்று அதைப் பார்த்தாள். “இதயா மேடுன்னு சொன்னான்? நம்ம வரப்பு கூட இத விட ஒசரம். இவங்கள நம்மூருக்கு இட்டுனு போனா மூச்சு முட்டியே செத்துடுவாங்க போல.”

நானும் சிரித்தேன். மேடு கிடைத்துவிட்டது என்ற நிம்மதியில் வந்த சிரிப்பு. அதற்கு முன்னால் வடக்கே திரும்பினேன். மரங்களுக்கு இடையில் தடம் போல ஒரு சந்து இருந்தது. தண்ணீர் போய்வந்த தடம் அது. மனிதர் போன தடம் இல்லை.

முப்பது நாற்பது அடி போயிருப்போம். முதலில் கணுக்கால் புதைந்தது. அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள், மகள் வீட்டுக்குப் போகிற வேகத்தில். “கொஞ்சம் நில்லு” என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய வலது கால் தொடை வரை இறங்கியது. ஊன்றிக்கொள்ள இடது காலை வைத்தாள். அதுவும் இறங்கியது. கத்தவில்லை. ‘ஐய’ என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு பெட்டியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மூட்டையைப் போட்டுவிட்டு ஓடினேன். குனிந்து அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். இழுக்க இழுக்க என் கால் உள்ளே போயிற்றே தவிர அவள் ஒரு விரற்கடை கூட மேலே வரவில்லை. குனிந்த வேகத்தில் சட்டைப் பையிலிருந்த போன் தண்ணீரில் விழுந்தது. தேடிப் பார்க்கக் கையை விட்டேன். அப்போதுதான் தெரிந்தது. நான் வந்தபோது அங்கே தண்ணீர் இல்லை. வெறும் சேறு. இப்போது என் முழங்கை வரை நனைகிறது.

வானத்தைப் பார்த்தேன். ஒரு மேகம் இல்லை. இரைச்சல் இல்லை. செம்மண் நிறம் இல்லை. தெளிந்த தண்ணீர் வேர்களுக்கு நடுவில், யாரோ பாயை விரிப்பது போல, சத்தமில்லாமல் வந்துகொண்டிருந்தது. மழை இல்லாமல் ஏறுகிற தண்ணீரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எங்கிருந்து வருகிறது, எப்போது நிற்கும், நிற்குமா என்று எதுவும் தெரியாது. காட்டுப்பன்றியை நேருக்கு நேர் பார்த்திருக்கிறேன். மழையில் ஓடை தாண்டியிருக்கிறேன். இந்தப் பயம் வேறு மாதிரி இருந்தது. உடம்பு என்னுடையது இல்லை போல மரத்துப் போயிற்று.

“அந்தப் பெட்டிய கீழ போடு. ரெண்டு கையும் குடு” என்றேன்.

“போட மாட்டேன்.”

“இன்னாத்துக்கு?”

“மாசமா இருக்கறவளுக்குக் கொண்டாந்த வளையலு. ஒண்ணு ஒடஞ்சா கூட நல்லதில்ல. நீ என்ன இழு.”

“ஒரு கையில எப்படி இழுக்கறது?”

“அத நீ ரோசன பண்ணு. ஆம்பளதான நீ?”

மரவள்ளி மூட்டையை இழுத்து வந்து அவளுக்கு முன்னால் போட்டேன். அதன் மேல் அவள் மார்பைச் சாய்த்துக்கொண்டாள். கொஞ்சம் தாங்கியது. தண்ணீர் அவள் இடுப்பைத் தொட்டது. பக்கத்து மரத்தின் கிளையைப் பிடித்து இழுக்கலாம் என்று கையை நீட்டினேன். ஒரு இலை ஒடிந்து வெள்ளையாகப் பால் வடிந்தது. கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டேன். டீக்கடைக்காரர் சொன்ன இரண்டில் ஒன்றை அவ்வளவு ஒழுங்காகக் கேட்டிருந்தேன்.

“கத்துய்யா” என்றாள். “யார்னா வருவாங்க.”

நான் சத்தம் போட்டுப் பேசி வளர்ந்தவன் இல்லை. பஸ்ஸில் நிறுத்தம் வந்தால் கூடக் கண்டக்டரைக் கூப்பிடாமல் அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். வாயைத் திறந்தேன்.

“ஏங்க… யாராச்சும் இருக்கீங்களாங்க…”

அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. “ஐயோ, இப்படி மரியாதயா கூப்ட்டா நண்டு கூட வராது. என்ன சாவடிக்கறதுன்னே முடிவு பண்ணிட்டியா?”

தண்ணீர் அவள் மார்புக்கு வந்தது. பெட்டியைத் தூக்கிய கை தாழத் தொடங்கியது. நான் அந்தக் கையை அடியிலிருந்து தாங்கிக்கொண்டேன். அவள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். மெதுவாக, “நான் போயிட்டா வளையல நீ போட முடியாது. அவ மாமியாரப் போடச் சொல்லு” என்றாள்.

அதைக் கேட்டதும் எனக்குள் ஏதோ அறுந்தது. மரவள்ளிக் கொல்லையில் பன்றி இறங்கினால் ஒரு சத்தம் போடுவோம். அடிவயிற்றிலிருந்து வரும். அதை நான் பன்றிக்குத்தான் போட்டிருக்கிறேன், மனிதர் காதுக்குப் போட்டதில்லை. ஓ… ஹோ… ஹோய் என்று போட்டேன். பறவைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. மறுபடி போட்டேன். தொண்டை கிழிந்து போகும் வரை போட்டேன்.

பதில் வரவில்லை. வெகு நேரம் போல இருந்தது. வெளிச்சம் மஞ்சளாகிக்கொண்டு வந்தது. பிறகு சந்தின் அந்தப் பக்கம் தண்ணீரில் ஒரு தலை தெரிந்தது.

தலை மட்டும். வாயில் எதையோ கவ்விக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் எங்களை நோக்கி வந்தது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். நான் சாமியா, பேயா என்று கூட நினைக்கவில்லை. அது எதுவாக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுவிடத்தான் தோன்றியது. ஆனால் கை பெட்டியைத் தாங்கிக்கொண்டிருந்தது.

கிட்டே வந்ததும் எழுந்து நின்றது. ஒரு பெண். என் மனைவியின் வயதுதான் இருக்கும். தண்ணீருக்குள் உட்கார்ந்தபடியே கையால் துழாவி இறால் பிடிக்கிறவள். பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தாள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால். பறியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பேசினாள்.

“நீங்கதான் கத்தனதா? எவனோ குடிச்சிட்டுப் பாடறான்னு நெனச்சிக்கினு இருந்தேன். இன்னா மாமா இது, ஏத்தம் ஏறிக்கினு கீது, அக்காவ இட்டாந்து இங்க நட்டு வெச்சிருக்கீங்க?”

ஏத்தம் ஏறிக்கொண்டிருக்கிறது.

தண்ணீரைக் காட்டித்தான் அவள் அதைச் சொன்னாள். டீக்கடைக்காரர் சொன்னது முழுவதும் அந்த நொடியில் எனக்கு வேறொரு வாக்கியமாகக் கேட்டது. கடல் ஏறுவதற்கு முன்னால் திரும்பிவிட வேண்டும். அவ்வளவுதான். இத்தனைக்கும் தெளிவான பேச்சு. நாங்கள் இறங்கிய நேரத்துக்குச் சிவப்புத் துணி கட்டிய இடத்தில் திரும்பியிருந்தால் கால் கூட நனைந்திருக்காது.

நான் மறுபடி மனைவியை இழுக்கப் போனேன். அந்தப் பெண் என் கையைத் தட்டிவிட்டாள். “இழுக்காதீங்க. இழுத்தா இடுப்புதான் கழண்டு வரும், காலு வராது. தண்ணி இன்னும் கொஞ்சம் வரட்டும்.”

“இன்னும் வரணுமா?” என்றேன்.

“தண்ணி வந்தாத்தான் சேறு வுடும். அக்கா, பயப்படாத. மல்லாக்க சாஞ்சிக்க. என் மேல சாய்.”

என் வாழ்நாளில் அவ்வளவு பயந்த நேரம் அதுதான். கழுத்துக்கு வருகிற தண்ணீரை வரட்டும் என்று விட்டுவிட்டு நிற்பது. என் மனைவி அந்த முன்பின் தெரியாத பெண்ணின் தோளில் தலையைச் சாய்த்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் காதுக்கு வந்தது. பெட்டி இப்போது என் தலை மேல் இருந்தது. அந்தப் பெண் தண்ணீருக்குள் கையை விட்டு, அவள் காலைச் சுற்றிச் சேற்றைக் கிளறிக்கொண்டே இருந்தாள், கிளறின இடத்தில் தண்ணீர் இறங்கும்படி. ஏதாவது பேச வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, யார் வீட்டுக்கு வந்தோம் என்று கேட்டாள். மகள் பெயரை என் மனைவி சொன்னாள்.

“அட, அந்த மலைக்காரப் பொண்ணா? எங்க தெருக்கோடி வூடுதான். அவுங்கம்மாவா நீ? அவ கிட்ட சொன்னா நம்ப மாட்டா, உங்கம்மா இறாலோட என் பறியில வந்தாங்கன்னு.”

என் மனைவி ‘ம்’ என்றாள். அப்போது சேற்றுக்குள்ளிருந்து ஒரு பெரிய சத்தம். ஒரு கால் வெளியே வந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. நான் எதற்குப் பயந்தேனோ அந்தத் தண்ணீர்தான் அவளைத் தூக்கி மேலே விட்டது.

மார்பளவு தண்ணீரில் ஒருவர் பின் ஒருவராக, வேர்களைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தோம். எதை மிதிக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே வந்தாள். கிழங்கு மூட்டை போயிற்று. செருப்பு போயிற்று. அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர் கரையோரம் வைத்திருந்த தோணியில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கும் நேரம். மகள் வாசலில் நின்றாள். என் மனைவி நனைந்த புடவையோடு அங்கேயே உட்கார்ந்து, பெட்டியைப் பிரித்து வளையல்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஒன்று கூட உடையவில்லை. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

இரண்டாவது தப்பு இதற்குப் பிறகு வருகிறது.

இரவு சாப்பாட்டின் போது எல்லாரும் எப்படி அங்கே போனீர்கள் என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி சொன்னாள். “அந்த டீக்கட ஆளுதான். ஒரு மேடு வரும், அதுக்கு முன்னாடி திரும்புன்னு சொன்னானாம். அவன் சொன்ன மேட்டுலதான் நான் செத்துப் போவப் பாத்தேன்.” அவள் பொய் சொல்லவில்லை. நான் சொன்னதைச் சொன்னாள்.

மருமகன் எழுந்து கை கழுவினான். காலையில் என்னைப் பைக்கில் உட்கார வைத்து, உடைந்த பாலத்தருகே இறக்கி ஓரமாக உருட்டிக்கொண்டு போய், டீக்கடை முன்னால் நிறுத்தினான். அப்போது அங்கே நாலைந்து பேர் இருந்தார்கள்.

“எந்த மேட்ட சொன்னீங்க நீங்க? இங்க ஏது மேடு? வெளியூரு ஆளுன்னா வெளையாட்டா?”

டீக்கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. “நான் மேடுன்னு சொல்லவே இல்லியே, தம்பி.”

“பின்ன எங்க மாமா பொய் சொல்றாரா?”

அவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் கோபம் இல்லை. நான் சொன்னால் முடிந்துவிடும் என்ற நம்பிக்கைதான் இருந்தது. “அண்ணே, நீங்களே சொல்லுங்க. நான் இன்னா சொன்னேன்?”

எனக்குத் தெரியும் அவர் என்ன சொன்னார் என்று. சொல்லுக்குச் சொல் தெரியும். ஏத்தம் என்று சொன்னீர்கள், எனக்குப் புரியவில்லை, கேட்க வெட்கமாக இருந்தது. இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மருமகன் எனக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான், என்னை மாமா என்று முதல் தடவையாக ஊர் நடுவில் சொல்லிக்கொண்டு. நான் தலையைக் குனிந்து வேட்டியின் மடிப்பைச் சரி செய்தேன்.

நான் பேசாமல் நின்றதை எல்லாரும் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் ஆற்றிக்கொண்டிருந்த டீயைக் கீழே கொட்டிவிட்டு அடுப்பின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அன்றிலிருந்து மகள் வீட்டார் யாரும் அந்தக் கடையில் டீ குடிப்பதில்லை. அந்தத் தெருவில் பாதிப் பேர் போவதில்லை என்று மகள் போனில் சொன்னாள், ஏதோ எங்களுக்குச் செய்த மரியாதையைச் சொல்வது போல. என் மனைவி அந்தக் கதையை மலையில் யார் வந்தாலும் சொல்கிறாள். மேடு என்ற இடம் வரும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போய்விடுவேன். தண்ணீர் கழுத்துக்கு வந்தது போலவே அப்போதும் இருக்கிறது. அதே மாதிரி சத்தமில்லாமல் ஏறுகிறது.

இப்போது பேத்திக்குக் காது குத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள். அடுத்த வாரம் போக வேண்டும். பாலம் கட்டிவிட்டார்களாம், ஆட்டோ போகுமாம். ஆனால் பஸ் அதே இடத்தில்தான் நிற்கும்.

இறங்கியதும் கடைக்குப் போய் இரண்டு டீ சொல்லி, ‘ஏத்தம் எத்தனை மணிக்குங்க?’ என்று கேட்க வேண்டும் என்று நினைத்திருக்கிறேன். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. கேட்டால் அவருக்கு விளங்கிவிடும். வாய் வருமா என்று தெரியவில்லை. வராவிட்டால் இந்தக் காகிதங்களை அவர் கையில் கொடுத்துவிட்டு நிற்பேன். அதற்காகத்தான் இந்தக் கையெழுத்தில் இவ்வளவும் எழுதினேன். அதற்கு முன்னால் என் மனைவிக்கு இதை வாசித்துக் காட்ட வேண்டும். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அடுப்பங்கரையில் சாமை புடைத்துக்கொண்டிருக்கிறாள். இரண்டு தரம் கூப்பிட வாயெடுத்துவிட்டு, மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டேன். இனி எழுத ஒன்றும் மீதி இல்லை.

இன்றைக்கு அமாவாசை. நாங்கள் எங்கும் கிளம்பவில்லை.

மாசி 5, செவ்வாய்க்கிழமை.